இன்றைய வெற்றியா, நாளைய அணியா?

வெற்றி வேண்டும் என்பதில் எந்த அணிக்கும் ஐயம் இருப்பதில்லை. அந்த வெற்றி எப்போது வேண்டும் என்று கேட்கும்போதுதான் கருத்து வேற்றுமை பிறக்கிறது. இந்த ஆண்டே வேண்டும் என்பார் ஒரு சாரார். இரண்டு ஆண்டுகள் பொறுத்தாலும் நிலைத்து நிற்கும் வெற்றி வேண்டும் என்பார் மற்றொரு சாரார். அணி நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் வரையில் இவ்விரு சாராருக்கும் இடையே பூசல் எழுவதில்லை. அணி தோற்கத் தொடங்கியதும் இந்த வினா முற்றத்தில் வந்து நிற்கிறது. தடுமாறும் அணி ஒன்று கையில் உள்ளவர்களைக் கொண்டே வெற்றியைத் துரத்த வேண்டுமா? அல்லது தோல்வியை ஏற்றுக்கொண்டு, அணியைப் புதிதாகக் கட்ட வேண்டுமா? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

பொருளைத் தெளிவாகக் காண்பதற்கு எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் கற்பித்துக்கொள்வோம். சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில் ஒரு பள்ளிக் கபடி அணி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சடுகுடு என்று நம் பாட்டன்மார் அழைத்த ஆட்டமே அது. களத்தில் இறங்குவோர் எழுவர். வெளியே காத்திருப்போர் ஐவர். களத்தில் இறங்கும் எழுவரில் அறுவர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள். காத்திருக்கும் ஐவரும் ஒன்பதாம், பத்தாம் வகுப்பினர். அணி முதல் மூன்று ஆட்டங்களில் தோற்றுவிட்டது. இன்னும் நான்கு ஆட்டங்கள் உள்ளன. பயிற்சி ஆசிரியர் யாரைக் களத்தில் இறக்குவார்?

பெரிய மாணவர்களையே இறக்கினால், இரண்டு ஆட்டங்களிலாவது வெல்லலாம். ஆனால் அடுத்த ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அந்த அறுவரும் பள்ளியில் இருக்கமாட்டார்கள். களம் கண்ட ஒருவனும் களத்தையே அறியாத சிறுவர் ஐவருந்தாம் எஞ்சியிருப்பர். சிறுவர்களை இறக்கினால், நான்கு ஆட்டங்களும் போகலாம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்கோ அது பள்ளி வாழ்வின் கடைசி ஆண்டு. அவனைப் பார்த்து, 'நீ ஒதுங்கி நில், அடுத்த ஆண்டுக்காக அணி கட்டுகிறோம்' என்று சொல்வது எளிதன்று. இவ்வினாவின் கடுமை இந்தச் சின்னஞ்சிறு அணியிலேயே முழுமையாக அடங்கியிருக்கிறது. கோடிக்கணக்கான ரூபாய் புரளும் பெரிய அணிகளிலும் இதே கணக்குத்தான் வேறு உருவில் நடைபெறுகிறது.

இந்த விவாதம் மிகக் கூர்மையாக வளர்ந்த இடம் அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டம். அங்கே முதன்மைப் போட்டியில் 30 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் ஓர் ஆண்டில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. புதிய இளைஞர்களை அணிகள் பங்கிட்டுக்கொள்வதற்கு 1965 ஆம் ஆண்டு முதல் ஒரு முறை வழக்கில் உள்ளது. சென்ற ஆண்டு கடைசியில் நின்ற அணி, திறமையுள்ள இளைஞர்களுள் முதலாமவனைத் தேர்ந்துகொள்ளலாம். அடுத்த கடைசி அணி இரண்டாமவனைத் தேர்ந்துகொள்ளலாம். முதலிடம் பெற்ற அணி இறுதியில் தேர்ந்துகொள்ள வேண்டும். இது நெடுங்காலம் நடைபெற்ற வழக்கம். மெலிந்தவனைத் தூக்கிவிட வேண்டும் என்னும் நல்லெண்ணத்தில் பிறந்த விதி அது. ஆனால் அதிலிருந்து எதிர்பாராத விளைவு ஒன்று முளைத்தது. நடுவில் நிற்பதைக் காட்டிலும் கடைசியில் நிற்பதே ஆதாயம் என்று சில அணிகள் கணக்கிட்டன. தேர்ந்த வீரர்களை விற்றுவிட்டு, பெயரறியா இளைஞர்களைக் கொண்டு சில ஆண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்தன.

ஹூஸ்டன் நகரத்து ஆஸ்ட்ரோஸ் அணி இதற்குப் பெயர்பெற்ற சான்று. 2011 இல் 106 ஆட்டங்களிலும், 2012 இல் 107 ஆட்டங்களிலும், 2013 இல் 111 ஆட்டங்களிலும் அது தோற்றது. பார்வையாளர் சலித்தனர், பத்திரிகைகள் எள்ளி நகையாடின. ஆனால் அந்த ஆண்டுகளில் சேர்த்து வளர்த்த இளைஞர்களின் துணைகொண்டு 2017 இல் அந்த அணி வாகையர் பட்டம் வென்றது. அதைக் கண்டு, தோல்வியே வெற்றிக்குக் குறுக்குவழி என்று பலர் முடிவு கட்டினர். அந்தப் பட்டத்தின் மீதும் பின்னர் ஒரு கறை படிந்தது. அந்த ஆண்டில் எதிரணியின் சைகைகளைக் கள்ளத்தனமாகப் படித்தனர் என்பது 2020 இல் மெய்ப்பிக்கப்பட்டு, அணிக்கு 50 இலட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

குறுக்குவழி எல்லோரையும் ஊர் கொண்டு சேர்ப்பதில்லை என்பதற்குச் சிகாகோ நகரத்து வைட் சாக்ஸ் அணி சான்று. 2016 ஆம் ஆண்டின் முடிவில் அது தன் தலைசிறந்த பந்துவீச்சாளரை விற்று இளைஞர்களைச் சேர்க்கத் தொடங்கியது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. அங்கே முதற்படியைக்கூடத் தாண்டவில்லை. பின்னர்ச் சரிந்து, 2024 இல் 121 ஆட்டங்களில் தோற்றது. 1901 ஆம் ஆண்டுக்குப் பின் எந்த அணியும் ஓர் ஆண்டில் அத்தனை ஆட்டங்கள் தோற்றதில்லை. ஆகவே அணியைக் கலைத்துக் கட்டுவதால் வெற்றி வந்தே தீரும் என்று சொல்வதற்கில்லை. தோல்விக்குப் பரிசளிக்கும் விதியின் குறையை அமெரிக்கர்களும் உணர்ந்தனர். 2023 ஆம் ஆண்டின் தேர்விலிருந்து, முதல் ஆறு இடங்களைக் குலுக்கல் முறையில் முடிவு செய்கிறார்கள். கடைசியில் நிற்பவனுக்கு வாய்ப்பு மிகுதியாக இருக்கலாம். ஆனால் முதலிடம் உறுதி என்னும் நிலை மறைந்துவிட்டது.

இந்தச் செய்தியிலிருந்து நாம் அறியவேண்டிய முதற்பாடம் ஒன்று உண்டு. தோற்பதனால் இலாபமா நட்டமா என்பதை ஆட்டத்தின் விதிகளே தீர்மானிக்கின்றன. இங்கிலாந்தின் கால்பந்துப் போட்டியில் கடைசியில் நிற்கும் அணிகள் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படுகின்றன. அங்கே மனமறிந்து தோற்பவன் தன் வீட்டுக்குத் தானே தீ வைத்துக்கொள்பவன் ஆவான். நம் நாட்டின் ரஞ்சிக் கோப்பையிலும் மேற்பிரிவில் கடைசியில் நிற்கும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்க நேர்கிறது. இந்தியன் பிரீமியர் லீக்கிலும் புரோ கபடி லீக்கிலும் இறக்கமும் இல்லை; கடைசி இடத்துக்குப் பரிசும் இல்லை. வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்படுகிறார்கள். செலவின் உச்சவரம்பு எல்லா அணிகளுக்கும் ஒன்றே. 2025 ஆம் ஆண்டின் கிரிக்கெட் அணிகளுக்கு அது 120 கோடி ரூபாய். முதல்வனுக்கும் கடையனுக்கும் ஒரே அளவு பணப்பை. ஆகவே நம் நாட்டில் தோல்வி தானாக எதையும் ஈட்டித் தராது. தோல்வியிலிருந்து ஏதேனும் பெற வேண்டுமானால், அந்த அணியே முயன்று பெற வேண்டும். எப்படிப் பெறுவது என்பதைத் தமிழ்நாட்டின் இரண்டு அணிகளைக் கொண்டு காண்போம்.

முதலாவது, கபடியில் நம் மாநிலத்தின் பெயர் தாங்கிய தமிழ் தலைவாஸ் அணி. இது 2017 இல் புரோ கபடி லீக்கில் சேர்ந்தது. தலைமையேற்றவர் அஜய் தாக்கூர். 2016 இல் அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பையில் இந்தியாவின் வெற்றிக்குப் பெருந்துணையாக நின்ற வீரர். அடுத்த ஆண்டு மன்ஜீத் சில்லர், ஜஸ்வீர் சிங் ஆகியோரும், 2019 இல் ராகுல் சௌத்ரியும் வந்து சேர்ந்தனர். பெயர்ப் பட்டியலைப் படித்தவர் எவரும் கோப்பை சென்னைக்கே என்று சொல்லியிருப்பார். ஆனால் 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தன் பிரிவில் கடைசி இடமும், 2019 இல் பன்னிரண்டு அணிகளுள் பன்னிரண்டாம் இடமுமே அணிக்குக் கிட்டின. அஜய் தாக்கூரும் மன்ஜீத் சில்லரும் அப்போது முப்பது வயதைக் கடந்திருந்தனர். புகழ் என்பது ஒருவர் நேற்று ஆடிய ஆட்டத்துக்கு இன்று கிடைக்கும் கூலி. ஏலத்தில் நாம் புகழுக்கு விலை கொடுக்கிறோம். களத்தில் நமக்குத் தேவைப்படுவதோ நாளைய ஆட்டம்.

பெருந்தொற்றின் காரணமாக 2020 இல் போட்டி நடைபெறவில்லை. 2021 டிசம்பரில் பெங்களூரில் தொடங்கிய அடுத்த போட்டிக்குத் தலைவாஸ் பெரும்பாலும் புதிய அணியாகவே வந்தது. அந்த முறையும் பதினோராம் இடமே கிடைத்தது. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது மற்றொரு தோல்வி. ஆனால் அந்தத் தோல்வியினூடே சாகர் ராட்டி என்னும் இளைஞர் நாட்டின் சிறந்த பிடி வீரர்களுள் ஒருவராக உருவானார். 2022 இல் அணி தன் பழைய வழக்கத்தையும் முற்றும் விட்டுவிடவில்லை. பவன் செராவத் என்னும் பெருவீரரை 2 கோடியே 26 இலட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியது. அதுவரை அந்த லீக்கில் எவருக்கும் அத்தனை விலை கொடுக்கப்பட்டதில்லை. ஊழ் வேறு விதமாக இருந்தது. முதல் ஆட்டத்திலேயே அவருடைய முழங்காலில் காயம்பட்டது. அந்த ஆண்டு முழுவதும் அவர் ஆடவில்லை.

அதன்பின் நடந்ததுதான் நாம் ஊன்றி நோக்கவேண்டியது. பெருவீரர் இல்லாத வெற்றிடத்தில், அந்த ஆண்டே முதன்முறையாகக் களம் கண்ட நரேந்தர் என்னும் இளைஞர் பாடிச் செல்லும் பொறுப்பை ஏற்றார். 243 புள்ளிகள் ஈட்டினார். சாகர் தலைமை தாங்கினார். போட்டியின் இடையில் அசன் குமார் பயிற்சியாளராக வந்தார். அணி முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. உத்தரப் பிரதேச அணியுடன் 36-36 எனச் சமநிலையில் முடிந்த ஆட்டத்தை முறிவாட்டத்தில் வென்று, அரையிறுதியில் புனே அணியிடம் 37-39 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது. இளைஞர்களை அணி விரும்பி நம்பியதைவிட, வேறு வழியின்றி நம்ப நேர்ந்தது என்பதே உண்மை. விதி மூடிய கதவின் அருகே மற்றொரு கதவு திறந்திருந்தது. முன்பே தட்டியிருந்தால் முன்பே திறந்திருக்கும்.

இத்துடன் கதையை நிறுத்திவிட்டால் அது பாதி உண்மையாகிவிடும். அடுத்த ஆண்டிலும், அதற்கடுத்த 2024 இலும் தலைவாஸ் ஒன்பதாம் இடத்திலேயே நின்றது. 2024 இல் சச்சின் தன்வரை 2 கோடியே 15 இலட்சத்துக்கு வாங்கியும் நிலைமை மாறவில்லை. இளமை ஒரு முறை வெற்றி தந்ததால் அது என்றென்றும் தரும் என்று எண்ணுவதும் பிழை. பயிரிட்டவன் களையும் எடுக்க வேண்டும். நீரும் பாய்ச்ச வேண்டும். அணியைக் கட்டுதல் ஓர் ஆண்டில் முடிந்துவிடும் வேலையன்று.

இரண்டாவது, சென்னை சூப்பர் கிங்ஸ். இந்த அணியின் வரலாறு, நாம் இதுவரை கண்ட கருத்துக்கு மறுப்புப் போலத் தோன்றும். சூதாட்ட விவகாரத்தால் இரண்டு ஆண்டுகள் விலக்கி வைக்கப்பட்டிருந்து 2018 இல் இவ்வணி திரும்பி வந்தபோது, முப்பதைக் கடந்தவர்கள் நிறைந்த முதியோர் படை என்று அதை ஏளனம் செய்தனர். அந்தப் படையே கோப்பையை வென்றது. இறுதி ஆட்டத்தில் 117 ஓட்டங்கள் குவித்து ஆட்டமிழக்காமல் நின்ற ஷேன் வாட்சனுக்கு அப்போது வயது 36. 2020 இல் அணி எட்டில் ஏழாம் இடத்துக்கு இறங்கியது; எல்லாவற்றையும் கலைக்க வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. அணி கலைக்கவில்லை, 2021 இல் மீண்டும் கோப்பை. 2022 இல் பத்தில் ஒன்பதாம் இடம். 2023 இல் மறுபடியும் கோப்பை. பொறுமையே பெரிய தந்திரம், பழையவர்களே போதும் என்று இதிலிருந்து பலர் முடிவு செய்தனர்.

அந்த முடிவு சரியானதா? அந்த இரண்டு தோல்வி ஆண்டுகளின் கடைசிப் பக்கங்களைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். 2020 இல் வெற்றி வாய்ப்பு ஏறத்தாழ மறைந்துபோன பிறகு, ருதுராஜ் கெய்க்வாட் என்னும் 23 வயது இளைஞருக்குத் தொடர்ந்து இடம் கொடுத்தார்கள். கடைசி மூன்று ஆட்டங்களிலும் அவர் அரைச் சதம் அடித்தார். மூன்றிலும் அணி வென்றது. புள்ளிப் பட்டியலில் அந்த வெற்றிகளால் பயன் ஒன்றும் இல்லை. ஆனால் மறு ஆண்டு 635 ஓட்டங்களுடன் போட்டியிலேயே மிகுதியான ஓட்டங்கள் குவித்து, கோப்பைக்கு வழிகோலியவர் அந்த இளைஞரே. 2022 இல் அணி வெளியேறிய பின்னர், மே 15 ஆம் நாள், இலங்கையைச் சேர்ந்த மதீஷ பத்திரண என்னும் 19 வயதுப் பந்துவீச்சாளரை முதன்முறையாகக் களமிறக்கினார்கள். தாம் வீசிய முதற் பந்திலேயே அவர் ஒரு விக்கெட்டை வீழ்த்தினார். மறு ஆண்டு 19 விக்கெட்டுகள் எடுத்து, கோப்பையில் பெரும் பங்கு கொண்டார். பழையவர்களின் பொறுமை என்று ஊர் புகழ்ந்த வெற்றியின் அடியில், பயனற்றவை என்று ஊர் ஒதுக்கிய ஆட்டங்களில் விதைத்த விதை இருந்தது.

2025 இல் இந்தக் கணக்குத் தவறியது. ஏலத்துக்கு முன்பு ஐந்து வீரர்களைத் தக்கவைத்துக்கொண்ட அணி, எஞ்சிய இடங்களைப் பெரும்பாலும் அனுபவமுள்ளவர்களைக் கொண்டு நிரப்பியது. முழங்கையில் காயமுற்று அணித் தலைவர் ருதுராஜ் விலக, 43 வயதில் மகேந்திர சிங் தோனி மீண்டும் தலைமையேற்றார். சேப்பாக்கத்தில் தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தோல்வி. கொல்கத்தா அணிக்கு எதிரே 20 ஓவர்களில் 103 ஓட்டங்களே எடுக்க முடிந்தது. ஏப்ரல் 30 ஆம் நாள், பத்தாவது ஆட்டத்தின் முடிவில், இரண்டே வெற்றிகளுடன் அணி போட்டியிலிருந்து வெளியேறியது. முடிவில் 14 ஆட்டங்களில் நான்கு வெற்றிகள். பத்து அணிகளுள் பத்தாம் இடம். 2008 முதல் நடந்துவரும் போட்டியில் இவ்வணி கடைசி இடத்தைக் கண்டது அதுவே முதன்முறை.

எனினும் அந்த ஆண்டின் கடைசி நான்கு ஆட்டங்களைத் தனியே எடுத்துப் பாருங்கள். இடையில் சேர்க்கப்பட்ட 17 வயது ஆயுஷ் மாத்ரே, தென்னாப்பிரிக்க இளைஞர் டெவால்ட் பிரேவிஸ், குஜராத்தைச் சேர்ந்த உர்வில் படேல் ஆகியோர் அச்சமின்றி ஆடினர். பெங்களூர் அணிக்கு எதிரே மாத்ரே 94 ஓட்டங்கள் எடுத்தார். இரண்டே ஓட்டங்களில் அணி தோற்றது. கொல்கத்தாவில் வெற்றி. அகமதாபாத்தில் நடந்த கடைசி ஆட்டத்தில் 230 ஓட்டங்கள் குவித்து, 83 ஓட்டங்கள் வேறுபாட்டில் வெற்றி. முதல் பத்து ஆட்டங்களில் கிடைத்த அதே இரண்டு வெற்றிகள், இளைஞர்கள் ஆடிய கடைசி நான்கு ஆட்டங்களிலும் கிடைத்தன. அதே ஆண்டு நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது சென்னை. டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில் 20 வயது பிரசாந்த் வீருக்கும் 19 வயது கார்த்திக் சர்மாவுக்கும் தலைக்கு 14 கோடியே 20 இலட்சம் ரூபாய் கொடுத்தது. இந்திய அணிக்கு ஆடாத வீரர்களுக்கு அதுவரை எவரும் கொடுத்திராத விலை அது. முதியோர் படை என்று பெயர்பெற்ற அணி, தன் பாதையை மாற்றிக்கொண்டதை ஊரறிய அறிவித்த செயல் அது.

இவ்விரு வரலாறுகளும் நமக்குக் கூறுவது என்ன? 'வெற்றியைத் துரத்துவதா, அணியைக் கட்டுவதா' என்னும் வினா, ஒன்றைக் கொண்டால் மற்றொன்றை விட்டேயாக வேண்டும் என்பதுபோல் அமைந்திருக்கிறது. உண்மையில் ஒவ்வோர் ஆண்டிலும் இரண்டுக்கும் உரிய காலம் வருகிறது. வாய்ப்பு இருக்கும் வரையில் வெற்றிக்காக முழு மூச்சுடன் ஆட வேண்டும். வாய்ப்பு மறைந்த நாளில், எஞ்சிய ஆட்டங்களை நாளைய வீரர்களுக்கு மனமுவந்து கொடுக்க வேண்டும். தோற்ற அணிக்கு மீந்திருக்கும் ஒரே செல்வம் அந்த ஆட்டங்கள்தாம். அவற்றை மானம் காக்கும் வெற்றிகளுக்காகச் செலவிட்டால், பட்டியலில் ஓரிடம் உயரலாம். விதைநெல்லைக் குத்திச் சமைத்த குடும்பத்துக்கும் அன்று ஒரு வேளைச் சோறு கிடைக்கத்தான் செய்யும்.

எந்த அளவுக்குப் பழைய அணியைக் கலைப்பது என்பது அடுத்த வினா. அதற்கு விடை காண மூன்று கேள்விகள் துணைசெய்யும். தோல்விக்குக் காரணம் காயம், தீயூழ் போன்ற கழிந்துபோகும் காரணமா, அல்லது வயதைப் போலத் திரும்பாத காரணமா? இது முதற்கேள்வி. கழிந்துபோகும் காரணமானால் பொறுத்திருத்தல் அறிவுடைமை. திரும்பாத காரணமானால் பொறுத்திருத்தல் காலத்தை வீணாக்குதல். காத்திருக்கும் இளைஞர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா, அல்லது இருப்பார்கள் என்று நம்புகிறோமா? இது இரண்டாவது. மாற்று இல்லாமல் கலைப்பது, புது வீட்டுக்கு அடித்தளம் போடும் முன்பே பழைய கூரையைப் பிரிப்பதற்கு ஒப்பாகும். இளைஞர்களுக்கு வழிகாட்ட எந்த மூத்தவரை வைத்துக்கொள்ளப் போகிறோம்? இது மூன்றாவது. எல்லா மூத்தவர்களையும் அனுப்பிவிட்ட அணியில், தோல்வியைத் தாங்குவது எப்படி என்று கற்றுக்கொடுக்க ஆளிருக்காது.

இந்தச் செயலின் விலையைக் கொடுப்பவர் யார் என்பதையும் மறத்தல் கூடாது. 2023 ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் கடைசி இரண்டு பந்துகளில் ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்துக் கோப்பையை வென்று தந்தவர் ஜடேஜா. இரண்டு ஆண்டுகள் கழித்து, அணியைப் புதிதாகக் கட்டும் பணியில் விடைபெற்றவரும் அவரே. 2022 இல் விதையாக ஊன்றப்பட்ட பத்திரணவையும் அதே நவம்பரில் அணி விடுவித்தது. இதை நன்றியின்மை என்பார் உளர். கடமை என்பார் உளர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அணியைக் கட்டுவோர் விலையைத் தாங்கள் கொடுப்பதாக நினைக்கிறார்கள்; பெரும்பாலும் அதைக் கொடுப்பவர்கள் ஒதுக்கப்படும் மூத்த வீரரும், சீட்டு வாங்கிக்கொண்டு தோல்வியைக் காணும் பார்வையாளரும், பக்குவம் வருமுன் களத்தில் தள்ளப்படும் இளைஞனும்தாம். ஆகவே கலைப்பதற்கு முடிவு செய்வோர் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எத்தனை காலம், எதற்காக, யாரை நம்பி என்று சொல்லப்பட்ட தோல்வியை மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். காரணம் சொல்லாத தோல்வியைப் பொறுப்பது கடினம்.

உடனடி வருவாயை விட்டுக் கற்பதற்குக் காலம் ஒதுக்குவது சிவகாசி வட்டாரத்துக்குப் புதிய செய்தியன்று. மழை பொய்த்த இந்தக் கரிசல் பூமியிலிருந்து 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்தனர். அவர்கள் ஊரிலேயே இருந்து கிடைத்த வேலையைச் செய்திருந்தால் அந்த ஆண்டின் வருமானம் குறைந்திருக்காது. கற்கச் சென்ற மாதங்கள், கணக்குப் பார்ப்பவருக்கு நட்டமே. ஆனால் சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலும், அதன் வழியே பட்டாசுத் தொழிலும், அச்சுத் தொழிலும் அந்த நட்டக் கணக்கிலிருந்து கிளைத்தவை. அவர்கள் கைவீசிக் காத்திருக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கற்கும் நோக்கத்துடன் ஏற்ற இழப்பு முதலீடு ஆகிறது. நோக்கமின்றி ஏற்ற இழப்பு இழப்பாகவே நிற்கிறது.

இனி நாரணாபுரத்துப் பள்ளி அணிக்குத் திரும்புவோம். மூன்று ஆட்டங்களில் தோற்ற அந்த அணிக்கு அடுத்த சுற்றுக்குச் செல்ல வழி இன்னும் உண்டு என்றால், பெரிய மாணவர்களே ஆடட்டும். அவர்கள் உழைப்புக்கு உரிய வாய்ப்பு அது. வழி அடைபட்டுவிட்டது என்றால், ஒவ்வோர் ஆட்டத்திலும் சிறுவர் மூவரையாவது களத்தில் இறக்க வேண்டும். அவர்கள் பக்கத்தில் பெரிய மாணவர் நால்வர் நிற்க வேண்டும். எந்த நேரத்தில் எந்தக் காலைப் பிடிப்பது, பாடி வருபவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பதைப் பலகையில் எழுதிக் கற்பிக்க முடியாது. அருகில் நிற்பவன் களத்தில்தான் சொல்லித்தர முடியும். அப்படிச் செய்யும்போது பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒதுக்கப்பட்டவன் ஆகமாட்டான், ஆசான் ஆகிறான். அவனுடைய கடைசி ஆண்டுக்கும் ஒரு பொருள் கிடைக்கிறது.

இதனால் விளையும் நன்மை கோப்பையோடு நிற்பதில்லை. நம் சிற்றூர்களில் கபடி ஆடும் சிறுவனுக்கும் சிறுமிக்கும் அந்த ஆட்டம் கல்லூரியில் இடமும், சில வேளைகளில் அரசு வேலையும் பெற்றுத் தரக்கூடியது. 2025 அக்டோபரில் பஹ்ரைன் நாட்டில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணிகள் தங்கப் பதக்கம் வென்றன. அந்த அணிகளில் சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகாவும், திருவாரூர் மாவட்டத்து வடுவூரைச் சேர்ந்த அபினேஷும் இருந்தனர். அவர்களை முதன்முதலில் களத்தில் இறக்கியபோது, அவர்களும் பெயரறியாச் சிறுவர்களே. வெற்றியை மட்டுமே எண்ணி அவர்களை வெளியே உட்கார வைத்திருந்தால், அன்றைய ஆட்டம் ஒருகால் கைக்கு வந்திருக்கும். பஹ்ரைனில் வென்ற அணிகளில் அவர்கள் இருந்திருக்கமாட்டார்கள்.

மாணவ நண்பர்களே, தோற்றுக்கொண்டிருக்கும் அணி ஒன்றைக் கண்டால், அது எத்தனை ஆட்டங்களில் தோற்றது என்று எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். அந்தத் தோல்விகளில் ஆடியவர்கள் யார், அடுத்த ஆண்டும் ஆடப்போகிறவர்கள் யார் என்றும் பாருங்கள். இரண்டு பட்டியலிலும் ஒரே பெயர்கள் சில இருந்தால், அந்த அணி கட்டப்பட்டு வருகிறது. ஒன்றுகூட இல்லையென்றால், அது தோற்கிறது, அவ்வளவே.